ஐந்தாவது எலுமிச்சம்பழம்

எங்கள் ஆஸ்பத்திரியின் கருவிப் பழுதுப் பதிவேட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. கருவி: நுரையீரல் ரோபோ. பழுது: இடம் மாற்றிக் காட்டியது. காரணம்: எலுமிச்சம்பழம். கீழே டெக்னீஷியன் தனசேகரின் கையெழுத்து. மேலே இருக்கும் தேதி ஒரு நாள் பிந்தியது, ஏனென்றால் தனசேகர் மறுநாள்தான் உட்கார்ந்து எழுதினார். சம்பவம் நடந்தது விஜயதசமி அன்று காலையில். ஆண்டைச் சொல்வதற்கில்லை. சொன்னால் நோயாளி யாரென்று உத்திரமேரூரில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தப் பதிவின் நகல் கருவியை விற்ற கம்பெனிக்கும் போனது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. 'எலுமிச்சம்பழம்' என்ற பாகம் தங்கள் பட்டியலில் இல்லை என்றும், தயவுசெய்து பாக எண்ணைக் குறிப்பிடும்படியும் கேட்டிருந்தார்கள். தனசேகர் அதைப் பிரதி எடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோபி அறையின் வாசலில் ஒட்டினார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது அங்கேயே இருக்கிறதாம். நுரையீரல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அது என்ன என்று கேட்டீர்கள் எனக் கேள்விப்பட்டேன். ஆளுக்கொரு கதை சொல்வதற்கு முன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். கல்வெட்டுக்குப் பேர்போன உத்திரமேரூர்க்காரன், எழுதி வைக்காமல் விட எனக்கு மனம் வராது.

நோயாளியை மல்லிகா என்று அழைக்கிறேன். பெயரை மாற்றி எழுதுவேன் என்று சொன்னபோது, "மாத்தறதுன்னு ஆயிப்போச்சி, நல்லதா மாத்து டாக்டரே. மல்லிகான்னு வெய்" என்று அவரே தேர்ந்தெடுத்தது அது.

மல்லிகா நடவுக் கோஷ்டியின் தலைவி. வாலாஜாபாத் பக்கம் தொடங்கி உத்திரமேரூர் வரை எந்தக் கழனியில் நடவு என்றாலும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவார். சொந்தமாக நிலம் கிடையாது. அவருக்கு இருந்த சொத்து குரல். வரப்பின் ஒரு முனையில் நின்று "ஏய், கோடு வளயுது பாரு!" என்று ஒரு சத்தம் போட்டால் மறுமுனையில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். இருமல் வந்து அந்தக் குரல் உடைந்ததால்தான் உத்திரமேரூரில் நான் வாரம் ஒருமுறை பார்க்கும் கிளினிக்குக்கு வந்தார்.

ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. அது மிக ஓரத்தில் இருந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் சாதாரணக் குழாயை விட்டுப் பார்த்து, எட்டவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. படத்தைப் பார்த்த அறுவை நிபுணர், புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், காத்திருக்க வேண்டாம், மேல் மடலை எடுத்துவிடலாம் என்றார். தீபாவளி கழிந்ததும் படுக்கைக்குச் சொல்லி வைத்தாயிற்று.

"எடுத்துட்டா என் சத்தம் இன்னா ஆவும்?" என்று கேட்டார் மல்லிகா.

"கொஞ்ச நாள் மூச்சு வாங்கும். போகப் போகத் தேறிடும். ஆனா பழைய அளவுக்கு வருமான்னு என்னால சொல்ல முடியாது."

"சத்தம் கொறஞ்சா என் பின்னாடி எவ வருவா? வாய வெச்சிகினுதான டாக்டரே நான் பொயக்கிறேன்."

எடுப்பதற்கு முன் அது என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்றேன். மெல்லிய குழாயை ரோபோ பிடித்துக்கொண்டு போகும், ஸ்கேன் படத்தை வைத்து நாம் முன்கூட்டியே போட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஓரம் வரை ஓட்டலாம், கட்டியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துவரலாம் என்று விளக்கினேன். அவர் என்னைவிட நன்றாகவே அதைச் சொல்லிவிட்டார்.

"ஏரி மதகுல பூந்து கால்வா, கிளக் கால்வா, கடசி மட வரிக்கும் போவுமா?"

"அதேதான்."

"போவட்டும். ஆனா ஒரே தபா. மறுபடியும் வா, தப்பாப் பூட்ச்சின்னு கூப்ட்டா என் மூஞ்சில முயிக்கவே மாட்ட. நேரா ஆபரேஷனு பண்ணிட்டுப் போ."

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரே வாய்ப்பு.

விஜயதசமி அன்று நல்ல காரியம் தொடங்கலாம் என்று நாளைக் குறித்தவரும் அவரேதான். அதனால் முதல் நாள், ஆயுத பூஜை அன்றே, வார்டில் சேர்ந்துவிட்டார். உங்களுக்கே தெரியும், அன்றைக்கு எங்கள் பிரிவில் ஊசி போடும் டிரேயிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். ரோபோ வந்த பிறகு வரும் முதல் ஆயுத பூஜை அது. தனசேகர் ஒரு வாரமாகக் கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தார். நான் சில நிபந்தனைகள் சொன்னேன்: கற்பூரம் கூடாது, கேமரா பக்கம் சந்தனம் போகக் கூடாது, பூஜையை அறைக்குள் செய்ய வேண்டாம், வெளியே வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வண்டி வாங்கினால் செய்வது போல, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து ரோபோவை நசுக்க வைப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது விவாதிக்க வேண்டிய விஷயமாகவே எங்களில் யாருக்கும் படவில்லை.

பூஜை நடக்கும்போது மல்லிகா ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து நின்றார். ரோபோவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா? கையி காலு வெச்சிகினு கண்ணுல லைட்டு எரியும்னு நெனச்சிகினு வந்தேன். ஐஸ் வண்டி மாறி கீது!"

"யக்கா, அப்டி சொல்லாத, நாளைக்கி அதான் உனுக்குள்ள போவப் போவுது" என்றார் தனசேகர்.

"அதான் சொல்றேன். எனுக்குள்ள போறதுக்கு நான் பூஜ போடாம நீ போட்டா எப்டி? குடு அத்த."

குங்குமத்தை வாங்கிப் பொட்டு வைத்தார். கீழே குனிந்து, தரையில் நெற்றி படும்படி கும்பிட்டார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வார்டு முழுக்க விநியோகம் செய்தார். இரவோடு சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று நர்ஸ் சொன்னதற்கு, "நாஷ்டா இல்லாம எத்தினி நடவு நட்டு கீறேன்" என்று பதில் வந்தது. வண்டியை உருட்டியதும் தனசேகர் நசுங்கிய பழங்களை எண்ணிப் பொறுக்கினார். நான்கு. தரையைத் துடைத்து, ரோபோவை உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்.

மறுநாள் காலை அறைக்குள் நுழைந்தவுடன் எலுமிச்சை வாசனை அடித்தது. "க்ளீனிங் லிக்விட மாத்திட்டாங்க போல, நல்லா இருக்கு" என்றார் மயக்க மருந்து டாக்டர். அவரை எல்லோரும் மேடம் என்று மட்டுமே அழைப்போம். நானும் நல்ல வாசனைதான் என்றேன்.

மல்லிகா தூங்கினார். நான் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். என் ஜூனியர் டாக்டர் பெனிட்டா பக்கத்தில் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போவதை விவரிக்கப் போவதில்லை. அதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். மதகு, கால்வாய், கிளைக் கால்வாய் என்று மல்லிகா சொன்ன வழியே போனோம். திரையில் பச்சை வட்டம் வந்தது. கட்டியின் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அதற்குப் பொருள்.

அல்ட்ராசவுண்ட் முனையை உள்ளே விட்டேன். கெட்டியான ஒன்று தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து டிவியில் ஆண்டெனா சாய்ந்தால் வருமே, அந்தப் புள்ளி மழைதான் பெய்தது. அப்படித் தெரிந்தால் சுற்றிலும் வெறும் காற்று என்று பொருள்.

"மயக்கத்துல நுரையீரல் சுருங்கி இருக்கும் சார்" என்றார் பெனிட்டா. சரியான யோசனை. பெரும்பாலும் அதுதான் காரணம். மேடம் காற்றை நிரப்பிப் பிடித்துக்கொடுத்தார். மறுபடி பார்த்தோம். மறுபடியும் மழை.

"சார், பச்சை அப்டியே நிக்குது. நாலு பக்கமும் கிள்ளி எடுத்துடலாமா? எதுலயாவது மாட்டும்."

இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். பெனிட்டா கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. மெஷின் ஆம் என்கிறது. நோயாளிக்கு ஒரே தபா. மயக்கத்தில் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கை தானாகவே ஊசிப் பக்கம் போகும். என் கையும் போனது.

ஆனால் தப்பான இடத்தில் கிள்ளிய சதைக்கும் ரிப்போர்ட் வரும். அழகாக டைப் அடித்து, 'புற்றுநோய் அறிகுறி இல்லை' என்று வரும். பொய் ஒரு எழுத்துகூட இருக்காது. கிள்ளிய இடத்தில் புற்று இல்லைதான். அதை நம்பி மல்லிகாவை வீட்டுக்கு அனுப்பினால், புற்றாக இருந்தால் அது உள்ளே நிம்மதியாக வளரும். நம்பாமல் விட்டால் மேல் மடல் போகும், குரலும் போகும். மாதிரி எடுக்காமல் திரும்பி வந்தாலாவது எங்களுக்குத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் ஊசியை எடுக்கவில்லை.

எனக்குப் பயிற்சி தந்தவர் ஒருவர் உண்டு. பெயரை எங்கும் போடக் கூடாது என்பது அவர் உத்தரவு. கருவி ஒன்றும் கண் ஒன்றும் சொன்னால், இரண்டும் ஒத்துப்போகும் என்று உனக்கு நிச்சயமான இடத்துக்குத் திரும்பிப் போ, அங்கே நின்று இரண்டையும் மறுபடி ஒப்பிட்டுப் பார் என்பார். நுரையீரலில் அப்படி ஓர் இடம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவை. எந்த வரைபடமும் இல்லாமல் கண்ணாலேயே அடையாளம் தெரியும். அங்கே திரும்பினேன்.

கேமராவில் கவை நடுவில் பளிச்சென்று தெரிந்தது. பெனிட்டா வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார்... மேப்புல நாம மூச்சுக்குழாய்க்கு வெளியில நிக்கிறோம்."

"பேஷன்ட் இங்கதாம்மா இருக்காங்க. காலைலேர்ந்து நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் மேடம்.

ஆக, நுரையீரல் சுருங்கவில்லை. வரைபடத்தை உடம்போடு பொருத்திய பிறகு ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. ஒன்று கட்டில், அல்லது ரோபோ. கட்டில் பூட்டு சரியாக இருந்தது. ரோபோவின் பிரேக் விழுந்திருக்கிறது என்று காட்டும் விளக்கும் எரிந்தது. "அடியில பாருங்க தனசேகர்" என்றேன்.

அவர் தரையில் படுத்தார். டார்ச் அடித்தார். டார்ச்சை அணைத்து மறுபடி அடித்தார்.

"என்ன தனசேகர்?"

"சார், நான் சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"எலுமிச்சம்பழம் சார். ஆனா நாங்க வெச்சது நாலு, நாலையும் எண்ணி எடுத்துட்டேன். இது அஞ்சாவது."

ரோபோ வண்டிக்குச் சக்கரம் நான்குதான். ஆனால் வேலை தொடங்கும்போது அசையாமல் இருக்க நடுவிலிருந்து ஒரு கால் இறங்கி ஊன்றிக்கொள்ளும். அந்தக் காலின் அடியில் சப்பையாக ஒட்டியிருந்தது பழம். ரோபோவின் கை நீண்டு எடை முன்னால் போனதும், தோல் வழுக்கி, வண்டி கண்ணுக்குத் தெரியாத அளவு சறுக்கியிருக்கிறது. அந்தச் சிறு சறுக்கல் போதும், வரைபடத்தில் நாங்கள் மல்லிகாவை விட்டே வெளியேறுவதற்கு.

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வருவது தெரிந்தது. முதலில் குழாயை முழுக்க வெளியே எடுத்தேன். அதன் பிறகே சிரித்தேன். நான் உங்களுக்குச் சொல்லும் எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள். மேடம் முகக்கவசத்துக்குள் சிரித்து மூக்குக் கண்ணாடியில் பனி படர, மானிட்டரைப் படித்துச் சொல்லும்படி பெனிட்டாவிடம் கேட்டார். பெனிட்டாவால் எண்ணைச் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் சிரிப்பில் உடைந்தார். தரையில் கிடந்த தனசேகர் மட்டும் சிரிக்கவில்லை. "யாரு வெச்சது, யாரு வெச்சது" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. சிரிப்பு இன்னும் கூடியது.

பிறகு சிரிப்பை நிறுத்தினோம். ஏனென்றால் இப்போது முடிவெடுக்க வேண்டும். எழுப்பிவிடுவதா, முழுக்க முதலிலிருந்து தொடங்குவதா?

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கட்டியைத் துரத்திக்கொண்டிருப்பவன், நோயாளி இன்னும் தாங்குவார் என்றுதான் எப்போதும் சொல்வான். மேடத்திடம் கேட்டேன். "நீங்க நிறுத்துன்னா நிறுத்திடறேன். எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம்." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்கள் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்த்தார். "ஒருமுறை முழுசாப் போகலாம். நடுவுல ஆக்சிஜன் இறங்குச்சுன்னா நான் கையைத் தூக்குவேன். தூக்கினா பேச்சு கிடையாது."

"சரி."

பழத்தோலைச் சுரண்டி எடுத்து, தரையைத் துடைத்து, வண்டியை மறுபடி ஊன்றி, வரைபடத்தைப் புதிதாகப் பொருத்தினோம். கவையில் நின்று ஒப்பிட்டோம். ஒத்துப்போனது. உள்ளே போனோம். மறுபடி பச்சை வட்டம். இந்த முறை பச்சையை யாரும் பார்க்கவில்லை. அல்ட்ராசவுண்டைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை பெய்தது. முனையை நூல் அளவு திருப்பினேன். மழை நின்று, கரு மேகம் போல ஒன்று முழுதாக வந்து திரையில் உட்கார்ந்தது.

பெனிட்டா விசில் அடித்தார். ஆஸ்பத்திரி விதிகளின்படி அது தவறு. அந்த நாளில் நாங்கள் மீறிய விதிகளில் அது கடைசி.

ஆறு கிள்ளு எடுத்தோம். மேடம் கையைத் தூக்கவே இல்லை.

மாலையில் மல்லிகா தெளிந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "எட்த்துட்டியா?"

எடுத்தாயிற்று என்றேன். நடந்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் தனசேகர் சொல்லியிருப்பார். அவர் கட்டில் பக்கத்திலேயே குற்றவாளியைத் தேடும் முகத்தோடு நின்றிருந்தார்.

"அஞ்சாவது பழத்த யாரு வெச்சதுன்னு தெரியல யக்கா."

"இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீற? நான்தான் வெச்சேன். நாலு சக்கரத்துக்கும் வெச்சிட்டீங்க. நடுவுல ஒரு காலு தூக்கிகினு கெடந்திச்சி. அதுக்கு மட்டும் ஒன்னியும் இல்ல. பாவமா இருந்திச்சி. தட்டுல ஒரு பழம் கெடந்திச்சி, கும்புட சொல்ல அந்தக் காலுக்கு அடியில இடுக்குல சொருவி வெச்சிட்டேன்."

தனசேகர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அந்தப் பழத்தாலதான் வழி தப்பிப் போச்சு மல்லிகாம்மா" என்றேன் நான்.

"தப்பிச்சி. அப்பொறம் நீ நின்னு யோசிச்சியா இல்லியா?"

"யோசிச்சேன்."

"பழம் இல்லன்னா யோசிச்சிருப்பியா?"

  மருத்துவக் கூட்டங்களில் நிறைய கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன், இது மட்டும் நிற்கிறது. மருத்துவ ரீதியாக அவர் சொன்னது தவறு என்பதை மட்டும் உங்களுக்காகப் பதிவு செய்கிறேன். பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், பொரி கொடுங்கள். ஊன்றும் காலுக்கு மட்டும் பழம் வேண்டாம்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் எங்கள் பிரிவில் சிரிப்பு குறைந்துபோனது. திசுவைப் பார்க்கும் டாக்டர் ஒரு மதியம் போன் செய்தார். சாதாரணமாக நிதானமாகப் பேசுபவர், அன்று குரல் துள்ளியது.

"புற்று இல்லை. காசநோயும் இல்லை. அது பரவாயில்லை, நடுவுல என்ன இருக்குன்னு வந்து பாருங்க!"

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். வீங்கிய திசுவின் நடுவே, கட்டம் கட்டமாகச் சுவர் வைத்த ஒரு துணுக்கு. மனித உடம்பில் அப்படிச் செல்கள் கிடையாது. அது செடி. எப்போதோ மூச்சோடு உள்ளே போன தாவரத் துணுக்கைச் சுற்றி உடம்பு கட்டிக்கொண்ட கோட்டை அந்தச் சுண்டைக்காய். கதிரில் இருக்கும் கூரான வால்கள் ஒரே திசையில் நகர்ந்து நகர்ந்து நுரையீரலின் ஓரம் வரை போய்விடுவதுண்டு என்று படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அறுவை நிபுணரும் வந்து பார்த்தார். தீபாவளிக்குப் பிறகான படுக்கையை அவரே போன் போட்டு ரத்து செய்தார். மருந்து கொடுத்து ஸ்கேனில் கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்று முடிவானது. அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகிவிட்டது.

புற்று இல்லை என்ற செய்தியை உத்திரமேரூர் கிளினிக்கில் வைத்துச் சொன்னேன். மல்லிகா எழுந்து ஜன்னலுக்குப் போனார். பிறகு கிளினிக்கின் ஜன்னல் கண்ணாடி அதிர, வெளியே பஸ் ஸ்டாண்டில் நின்ற தன் தங்கைக்குச் செய்தியைச் சொன்னார். நடுவில் இரண்டு தெரு இருக்கிறது. குரல் உடைந்திருந்தாலும் போய்ச் சேர்ந்தது.

"உள்ள பூந்தது எதுன்னு எனுக்குத் தெரியும் டாக்டரே" என்றார் திரும்பி வந்து உட்கார்ந்து. "புள்ளலூர் பக்கம் அறுப்பு. மெஷினு பின்னாடி நின்னு, எங்க ஆளுங்களுக்கு ஏன் வேல இல்லன்னு அந்தக் கழனிக்காரர் கூட சண்ட போட்டுகினு இருந்தேன். வாயத் தொறந்து கத்த சொல்ல மெஷினு மூஞ்சிலியே ஊதிச்சி. மூணு நாளு இருமினேன். அவுரு நெல்லுதான் அது. போயி சொல்லப் போறேன், உன் வெளச்சல்ல எனுக்கும் பங்கு கீதுன்னு."

சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தத் தை மாதம் அதே கழனியில் அவருடைய கோஷ்டிதான் நடவு நட்டது. அதை நான் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே கேட்டும் விட்டது.

அந்தத் துணுக்கு நெல்தானா என்பதைத் திசு டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படங்களைத் தாவரவியல் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். நெல்லின் வாலாக இருக்கலாம், வரப்பில் முளைக்கும் ஏதோ ஒரு புல்லாகவும் இருக்கலாம், இவ்வளவு சிறிய துணுக்கை வைத்துத் தீர்மானிக்க இயலாது என்றார். நெல் என்று மல்லிகா சொல்வதற்கு அவருடைய வார்த்தையைத் தவிர வேறு சான்று இதுவரை கிடைக்கவில்லை. நான் எழுதி வைத்திருப்பது: தாவரத் துணுக்கு, எந்தச் செடி என்பது உறுதியாகவில்லை.